எழினியும் நேரலையும்

நாடகம் பார்த்து வீடு திரும்புவோர் நடிகனைப் புகழ்வர், பாடியவனைப் புகழ்வர், சில வேளை கதையை எழுதியவனையும் நினைப்பர். திரையை இழுத்தவனை நினைப்பவர் எவருமிலர். அவன் தன் வேலையைச் செவ்வனே செய்தானாயின் அவன் இருந்ததே தெரியாது. பிழைத்தானாயின் கொட்டகை முழுவதும் சிரிக்கும். இன்று அந்தத் திரைக்காரனைப் பற்றியே நேயர்களோடு பேச எண்ணுகின்றேன். அவன் இப்பொழுது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கல்முனைக்குடியில் ஒரு திருமண வீட்டின் மூலையிலோ, மருதமுனையில் ஒரு பாடசாலை மண்டபத்தின் பின்வரிசையிலோ மடிக்கணனி ஒன்றின் முன் அமர்ந்திருக்கின்றான். இரண்டு மூன்று கமராக்கள் அனுப்பும் காட்சிகள் அவன் முன் ஒளிர்கின்றன. நிக்காஹ் நடைபெறும் வேளையில், கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்க்கும் உறவினர் அதனை அந்தக் கணமே காண்கின்றனர். இதற்கு நேரலை என்று பெயர்.

ஒரு கமராவின் காட்சியிலிருந்து மற்றொரு கமராவின் காட்சிக்குப் போவது எவ்வாறு? சட்டெனத் தாவுவதா, ஒன்று கரைய மற்றொன்று எழுவதா, இடையே ஒரு திரை ஓடுவதா? இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றிற் பெரும்பகுதி நம் கரையோரத்திலேயே கிடக்கின்றது.

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892 ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. அடிகளாரை இசைத்தமிழ் ஆராய்ச்சியாளர் என்று மட்டுமே பலர் அறிவர். அவர் நாடகத்தையும் நுணுகி ஆராய்ந்தவர். 1926 இல் வெளிவந்த அவரது மதங்க சூளாமணி, சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, வடமொழி நாடக இலக்கணத்தோடும் தமிழ் மரபோடும் ஒப்புநோக்கும் நூல். 1947 இல் அரங்கேறிய யாழ் நூல், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆழ்ந்து துருவியது. அந்நூல் அரங்கேறிய ஆண்டிலேயே அடிகளார் மறைந்தார்.

அந்த அரங்கேற்று காதையிலே மாதவி ஆடிய அரங்கின் அளவு கூறப்பட்டுள்ளது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்ற நுட்பமும் அங்கே உண்டு. நமக்கு வேண்டியது திரை. மூன்று வகைத் திரைகளை அக்காதை பெயர் சொல்லிக் குறிக்கின்றது. ஒருமுக எழினி, ஒரு பக்கத்திலிருந்து உருவப்படுவது. பொருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் புறப்பட்டு ஒன்றையொன்று எதிர்ப்படுவது. கரந்துவரல் எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது. இன்று கணனியில் காட்சி மாற்றப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு புறமிருந்து துடைத்துச் செல்லும் மாற்றம், இரட்டைக் கதவு போல் நடுவிற் கூடும் மாற்றம், மேலிருந்து இறங்கும் மாற்றம் ஆகிய மூன்றும் இருக்கும். கணனிக்காரர் சிலப்பதிகாரம் படித்தனர் என்று நான் சொல்லவரவில்லை. சதுரமான ஓர் இடத்தை மறைக்க வேண்டுமாயின், மனிதன் எந்நாட்டிலிருந்தாலும் இந்த வழிகளையே கண்டுபிடிப்பான்.

இதனினும் பெரிய செய்தி ஒன்றை உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தருகின்றார். மேலிருந்து இறங்கும் திரை, வானத்திற் சஞ்சரிப்போராக வரும் பாத்திரங்களுக்கு உரியது என்கின்றார் அவர். எந்தத் திரையையும் எவர்க்கும் போடலாம் என்றில்லை. வருபவர் யார், எங்கிருந்து வருகின்றார் என்பதைத் திரையின் அசைவே முன்னதாகச் சொல்லிவிடும். திரையின் தொழில் மறைத்தல் என்றே நாம் நினைத்துக்கொள்கின்றோம். மறைத்தல் அதன் பாதித் தொழில்தான். இங்கே ஒன்று முடிந்தது, இனி வருவது வேறு என்று அவைக்கு அறிவிப்பது மற்றப் பாதி. இரண்டாவதை மறந்த திரை வெறுந் துணி.

மட்டக்களப்புத் தேசத்தின் கூத்துக்களரியை நோக்கின் இது நன்கு விளங்கும். வடமோடியாயினும் தென்மோடியாயினும் ஆட்டம் வட்டக்களரியில் நடப்பது. சுற்றிலும் மக்கள் இருப்பர். தூண் கட்டித் திரை தொங்கவிட அங்கே இடமில்லை. ஆகவே பாத்திரம் களரிக்கு வரும்பொழுது இருவர் ஒரு சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பர். அதன் பின்னே சதங்கை ஒலிக்கும்; அண்ணாவியாரின் மத்தளம் எழும்; கட்டியகாரன் வருபவரைக் கூறுவான். பின்னர் சீலை விலகும். சீலையைப் பிடித்திருப்பவர் எல்லோர்க்கும் தெரியவே நிற்கின்றனர். ஒளிவு ஏதுமில்லை. இருந்தும் சீலை விலகுகின்ற கணத்தில் உடல் சிலிர்க்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இக்கூத்துக்களைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் கர்ணன் போரும், அதன்பின் இராவணேசனும் அவ்வாறு மேடையேறின. விடியும்வரை ஆடுவதைச் சில மணி நேரத்திற்குள் அடக்க வேண்டியிருந்தமையால், ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்கு விரைந்து செல்லும் வழியும் தேட வேண்டியதாயிற்று.

கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையிலுள்ள பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்திலே பாரதக் கதை பல நாட்களாக நிகழ்த்தப்படுகின்றது. பாண்டவர் வனவாசம் போவது அங்கே ஊர்வலமாகவே நடக்கும். திரை இல்லை; நடந்து போவதே காட்சி மாற்றம். முஸ்லிம் ஊர்களின் பொல்லடியை எடுத்துக்கொள்ளுங்கள். கழிகள் ஒன்றோடொன்று மோத ஆட்டக்காரர் வட்டமாகச் சுழல்வர். அண்ணாவியார் பாட்டின் நடையை மாற்றியதும் ஆட்டத்தின் கோலமும் மாறும். தாளம் விழும் இடத்திலேயே மாற்றமும் விழுகின்றது. படத்தொகுப்பாளர் பல மாதம் பயின்று கற்கும் பாடத்தை, பொல்லடிக்காரர் சிறுவயதிலேயே காலாலும் கையாலும் கற்றுவிடுகின்றனர்.

பின்னர் வந்த கொட்டகை நாடகங்கள் ஓவியம் தீட்டிய படுதாக்களைக் கொண்டுவந்தன. அரண்மனை ஒரு படுதா, தெரு ஒரு படுதா, காடு ஒரு படுதா. முன்னே தெருப் படுதாவை இறக்கிவிட்டு, அதன் முன் விதூஷகன் சிரிப்பு மூட்ட, பின்னே அரண்மனையை ஆயத்தஞ் செய்வர். இன்று நேரலையாளர் "சற்று நேரத்தில் தொடங்கும்" என்ற அட்டையைக் காட்டிவிட்டுப் பின்னணியில் ஒலிவாங்கியைச் சரிபார்க்கின்றாரே, அதுவும் இந்தத் தெருப் படுதாவே. விதூஷகன் மட்டும் இல்லை. அது ஒரு குறைதான்.

இனி வானொலிக்கு வருவோம். நேரலைக் காட்சி மாற்றத்தின் நேரடி மூதாதை சினிமா என்றே பலரும் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. சினிமாவின் கரைதலும் துடைத்தலும் கமராவின் உள்ளேயோ ஆய்வுகூடத்திலோ, ஆறஅமர இருந்து செய்யப்பட்டவை. பிரெஞ்சுக்காரரான மெலியே 1899 இல் தமது சிண்டரெல்லாப் படத்திலே ஒரு காட்சி கரைந்து மற்றொன்றாகுமாறு செய்தார். யப்பானியரான குரோசாவா 1954 இல் ஏழு சாமுராய் என்ற படத்தில் ஒரு காட்சியை மற்றொன்று துடைத்துச் செல்லும் முறையைக் கையாண்டார். பிழைத்தால் அவர்களால் திரும்பவும் செய்ய முடியும். நேரலைக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. உலகம் கேட்டுக்கொண்டிருக்கும்பொழுதே ஒன்றைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தும் கலை வானொலியிற் பிறந்தது. 1928 இல் இலண்டன் பி.பி.சி.யில் லான்ஸ் சீவ்கிங் என்பவர் பல கலையகங்களில் நடிகரையும் இசைக்குழுவினரையும் தனித்தனியே இருத்தி, கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றின் குமிழ்களைத் திருகி, அவர்களின் ஒலிகளை நேரடியாகக் கலந்து 'கலைடாஸ்கோப்' என்ற நாடகத்தை ஒலிபரப்பினார். ஓரிடத்தின் ஒலி தேய, மற்றோரிடத்தின் ஒலி எழும். இன்றைய நேரலைக் கணனியில் நடப்பதும் இதுவே. குமிழுக்குப் பதிலாக விசை, ஒலியோடு ஒளியும் சேர்ந்திருக்கின்றது.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 இல் தொடங்கியது. தமிழ் வானொலி நாடகம் தழைத்த காலத்திலே, சானா என்று புகழ்பெற்ற சண்முகநாதனின் 'இலண்டன் கந்தையா' போன்ற தொடர்களைக் கேட்டவர்கள், காட்சி மாற்றத்தைக் காதாலேயே கண்டவர்கள். சேக்சுபியரின் மேடையில் முன்திரை இல்லை. காட்சி முடிவதை ஈரடி எதுகைப் பாட்டு ஒன்றினால் அவையோர் அறிந்துகொண்டனர். வானொலிக்கும் திரை இல்லை. பேச்சு மெல்லத் தேய்ந்து, சிறிது அமைதி நிலவி, பின் புதிய ஒலி எழுந்தால் காலம் கடந்தது என்று பொருள். அமைதியின்றி ஒலி தாவினால் இடம் மாறியது, காலம் மாறவில்லை என்று பொருள். சிறியதோர் இடையிசை வந்தால் இரண்டும் மாறின என்று கொள்ளலாம். எவரும் இந்த இலக்கணத்தை நேயர்க்குக் கற்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகினர். மௌனம் அளவு கடந்தால் மட்டும், கருவி பழுதாயிற்றோ என்று வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பர். நேரலையிற் கறுத்த திரை நெடுநேரம் நின்றால் இன்றைய பார்வையாளர் வேறு காணொளிக்குப் போய்விடுகின்றார். தட்டிப் பார்க்கும் பொறுமைகூட இப்பொழுது இல்லை.

1979 இல் இந்நாட்டிற்குத் தொலைக்காட்சி வந்தது; 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. கலையகத்தில் காட்சிகளைக் கலக்கும் பெரிய பலகை இருந்தது. அது சாதாரணரின் கைக்கு எட்டாதது. பின்னர் திருமண வீடியோக் காலம் வந்தது. சிறிய கலவைப் பெட்டிகள் கடைகளுக்கு வந்தபொழுது, மணமகள் இதயவடிவத்துள் தோன்றினாள். மணமகன் நட்சத்திரமாகச் சிதறினான். ஒரு காட்சி பக்கம் புரள்வதுபோற் புரண்டு மற்றொன்றாயிற்று. 1990 இல் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ டோஸ்டர் என்ற கருவியிலே செம்மறியாடுகள் மேலிருந்து விழுந்து காட்சியை மறைக்கும் மாற்றம் ஒன்றும் இருந்தது. புதிய கருவி கையில் வந்தால் அதில் உள்ள அனைத்தையும் ஒரே இரவிற் செய்து பார்க்கும் ஆசை எவர்க்கும் எழும். அந்தக் கால வீடியோ நாடாக்களை இப்பொழுது பார்த்தால், மணமக்களின் முகங்களினும் இதயங்களும் நட்சத்திரங்களுமே மிகுந்து தெரிகின்றன.

2012 இல் ஓ.பி.எஸ். என்ற மென்பொருள் இலவசமாக வெளியாயிற்று. பெரிய பலகை செய்த வேலையைச் சாதாரணக் கணனி செய்யத் தொடங்கியது. 2016 இல் முகநூல் நேரலை வசதியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அம்மென்பொருளில் இயல்பாக அமைந்திருப்பது கரைதல். அதன் அளவு 300 மில்லி விநாடி. விநாடிக்கு 30 படச்சட்டம் எனக் கொண்டால் அது ஒன்பதே சட்டம். கண் இமைக்கும் பொழுதுதான். இவ்வளவே போதும் என்பது பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும்.

தமக்கென ஒரு மாற்றத்தைச் செய்துகொள்ள விரும்புவோர்க்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, சாம்பல் நிறப் படம் ஒன்றினால் ஆவது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை பல அடர்த்திகள் கொண்ட படத்தைக் கொடுத்தால், அந்த அடர்த்தியின் வரிசைப்படி பழைய காட்சி விலகிப் புதிய காட்சி வெளிப்படும். படம் எத்தகையதோ மாற்றமும் அத்தகையது. மருதமுனையின் கைத்தறிச் சாரத்தை நினையுங்கள். அதன் கோடுகளைச் சாம்பல் நிறத்தில் வரைந்து, ஒவ்வொரு கோட்டையும் சிறிது சிறிதாக அடர்த்தி குறைத்து அமைத்தால், நூல் நூலாகத் தறியிற் சீலை நெய்யப்படுவதுபோற் புதிய காட்சி நெய்யப்பட்டு வரும். செலவு ஒரு சதமும் இல்லை. பார்ப்பவர் கட்டாரில் இருந்தாலும், இது நம் ஊர் என்று முதற் கணத்திலேயே அறிவர். அடியார்க்குநல்லார் கூறிய திரையின் தொழில் இதுவன்றோ?

இரண்டாவது வழிக்கு ஸ்டிங்கர் என்று பெயர். சில பகுதிகள் ஒளி ஊடுருவும் தன்மையுடைய சிறு அசைபடம் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் காட்சியின் மேலே ஓடும். அது திரை முழுவதையும் மூடும் கணத்தில், அடியிலே காட்சி மாற்றப்படும். பின் அசைபடம் விலகும். இங்கே உயிர் நிலை, மாறும் கணத்தின் கணக்கு. அசைபடம் 36 சட்டம் கொண்டது எனக் கொள்வோம். 15 ஆம் சட்டத்தில் முற்றும் மூடி 21 ஆம் சட்டம்வரை மூடியே இருக்கின்றது எனின், மாறும் கணத்தை 18 இல் வைத்தல் வேண்டும். அதாவது 600 மில்லி விநாடி. 12 இல் வைத்தால், மூடாத ஓரத்தினூடே காட்சி மாறுவது தெரிந்துவிடும். கூத்துச் சீலையின் கீழே வேடக்காரனின் காலைக் கண்ட சிறுவன்போற் பார்வையாளர் நகைப்பர். அசைபடத்தோடு ஓசையும் சேர்க்கலாம். கிராஅத் ஓதப்படும் வேளையில் ஓசையுள்ள திரை ஓடுமானால், செய்தவர் எவ்வளவு திறமைசாலியாயினும் சபையிலே அவர்க்கு மரியாதை இராது. ஆகவே ஓசையின்றிக் கரையும் மாற்றம் ஒன்றையும் கைவசம் வைத்திருத்தல் அறிவுடைமை.

மின்னி மின்னி மறையும் மாற்றங்களைக் குறித்தும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1997 திசம்பர் 16 அன்று யப்பானில் ஒரு சிறுவர் கேலிச்சித்திரத் தொடரிலே சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி ஒளிர்ந்தன. அதைப் பார்த்த பிள்ளைகளில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; பலர்க்கு வலிப்புக் கண்டது. விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் ஒளிர்தல் கூடாது என்பதை ஒளிபரப்பாளர் இன்று விதியாகக் கொண்டுள்ளனர். விளையாட்டு நேரலைகளுக்கென ஆயத்தமாக விற்கப்படும் மாற்றங்களில் இவ்விதி எப்பொழுதும் பேணப்படுவதில்லை. வாங்குபவர் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை அழகைப் பற்றியே பேசினேன். இனிச் சொல்வது அழகைப் பற்றியதன்று. நேரலை முடிந்தபின் அதன் பதிவு எஞ்சுகின்றது; பதிவிலிருந்து துண்டுகள் வெட்டப்படுகின்றன. இரண்டு மணி நேரப் பேச்சு இரண்டு நிமிடமாகப் பரவுகின்றது. நடுவே வெட்டிய இடத்தில் திரை ஒன்று இருக்குமாயின், இங்கே சில விடப்பட்டன என்று பார்ப்பவர் அறிவர். திரையின்றி ஒட்டப்படுமாயின், பேசியவர் ஒரே மூச்சில் அவ்வாறு பேசினார் என்றே நம்புவர். முன்னும் பின்னும் இல்லாத துண்டொன்று என்ன செய்யும் என்பதை நம் மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரி 26 அன்று இரவு அம்பாறை நகரிலே, உணவிற் கருத்தடை மாத்திரை கலந்தனர் என்ற வதந்தியினால் முஸ்லிம் உணவகம் ஒன்றும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சிங்களம் நன்கறியாத ஒருவர், கூட்டத்தின் மிரட்டலுக்கிடையே, ஆமென்பதுபோற் கூறிய சொற்கள் சிறு காணொளியாக முகநூல் வழியே நாடெங்கும் பரவின. உணவிலே கண்டது வெறும் மாக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அச்சொற்களுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று அந்தத் துண்டு எவர்க்கும் சொல்லவில்லை.

ஆகையால் ஊர்க்கூட்டத்தையோ, மார்க்கச் சொற்பொழிவையோ சுருக்கி வெளியிடுவோர் இரண்டு திரைகளை வேறுபடுத்தி வைத்துக்கொள்வது நலம். கமரா மட்டும் மாறி, பேச்சு அறுபடாது தொடருமாயின் வெறுந் தாவல் போதும். பேச்சிலே சிறு பகுதியேனும் விடப்பட்டதாயின், மேற்கூறிய கைத்தறித் திரை போன்ற ஒன்று ஓட வேண்டும். முதலிரு தடவை பார்ப்பவர்க்கு அதன் பொருள் விளங்காதிருக்கலாம். வானொலி நேயர் அமைதியின் பொருளைக் கற்றதுபோல அவரும் கற்றுக்கொள்வார்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே, நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நடைபெறும் கொடியேற்றத்தை எடுத்துக்கொண்டால், அதற்கு வேண்டிய மாற்றங்கள் மிகச் சில. ஊர்வலத்தைக் காட்டும் ஒரு கமரா, மினாராவை நோக்கிய ஒரு கமரா, கடற்கரையின் சனத்திரளை நோக்கிய ஒரு கமரா. கொடி தெருவிலே வந்துகொண்டிருக்கும் வரை றபான் அடியைக் கேட்டு, அடி விழும் இடத்திலே தாவலாம். துஆ ஓதப்படுகையில் நெடிய கரைதல் ஒன்று; அதற்கு ஒன்றரை விநாடி கொடுத்தாலும் தகும். கொடி ஏறத் தொடங்கியபின் மாற்றமே வேண்டாம். மினாராவை நோக்கிய கமரா ஒன்றே, கொடி உச்சியை அடைந்து காற்றில் விரியும்வரை அசையாது நிற்கட்டும்; விசைப்பலகையில் இருக்கும் கை சற்று ஓய்வெடுத்துக்கொள்ளட்டும்.